டிசம்பர் பெட்டியில் ஏழு புத்தகங்கள்

எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய சூட்கேஸ் இருக்கிறது. பூட்டு எப்போதோ உடைந்துவிட்டது. என் கணவரின் பழைய பெல்ட் ஒன்றைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். உள்ளே ஏழு புத்தகங்கள். டிசம்பர் முதல் தேதி வெளியே வரும், ஜனவரி ஆறாம் தேதி திரும்ப உள்ளே போகும். நடுவில் பதினோரு மாதம் யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டதும் நான்தான், ஒரு ஜூலை மாதத்தில் யாருக்கும் தெரியாமல் அதை மீறியதும் நான்தான்.

இந்த வழக்கம் தொடங்கி 14 வருஷம் ஆகிறது. மூத்தவளுக்கு அப்போது ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. கிறிஸ்துமஸ் வரை ராத்திரி ஒரு கதை என்று எங்கேயோ படித்துவிட்டு, ஆர்வக்கோளாறில் பதினெட்டுப் புத்தகங்களை ஒரே சமயத்தில் வாங்கி, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி வைத்தேன். பத்தாம் நாளுக்குள் இரண்டு பேருக்கும் காகிதத்தைக் கிழிப்பதில்தான் குறி. கதையின் கடைசிப் பக்கம் வருவதற்குள் சின்னவன் அடுத்த பொட்டலத்தின் மேல் உட்கார்ந்திருப்பான். அடுத்த டிசம்பரில் அவர்களாகப் பெயர் சொல்லிக் கேட்டது மூன்றே மூன்று. மீதிப் பதினைந்தும் என் பேராசைக்குச் செலுத்திய அபராதம்.

அன்றிலிருந்து ஒரே விதி. புதுப் புத்தகம் எதுவானாலும் முதல் வருஷம் நூலகத்தில் இருந்துதான் வரும். மறு வருஷம் வீட்டில் யாராவது ஒருவர், நான் ஞாபகப்படுத்தாமல், "அந்தக் கதை எங்கே?" என்று கேட்டால்தான் அதைக் காசு கொடுத்து வாங்குவேன். இந்த வடிகட்டியில் தங்கியவைதான் இந்த ஏழும். பரிசு வாங்கிய புத்தகங்கள், எல்லாரும் பரிந்துரைக்கும் புத்தகங்கள் எத்தனையோ கீழே இறங்கிப் போய்விட்டன.

முதலில் என்னைத் தோற்கடித்த புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்'. சுருக்காத முழுப் பதிப்பை, சுருக்குவது பாவம் என்ற நினைப்பில், தேடி வாங்கியிருந்தேன். விளக்கைக் குறைத்து, போர்வைக்குள் ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். கஞ்சக் கிழவர் ஸ்க்ரூஜின் கூட்டாளி மார்லி செத்துப்போனார் என்பதுதான் முதல் வாக்கியம். பிரமாதம், நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் டிக்கன்ஸ் அடுத்து என்ன செய்கிறார் தெரியுமா? கதவில் அறைந்த ஆணியைப் போல மார்லி செத்துப்போனார் என்று சொல்லிவிட்டு, ஏன் கதவு ஆணியைச் சொல்கிறோம், பார்க்கப்போனால் சவப்பெட்டி ஆணிதானே அதைவிடச் செத்த இரும்பு என்று ஒரு பத்தி ஆராய்ச்சி. அது முடிந்ததும் ஹாம்லெட்டின் அப்பாவைப் பற்றி ஒரு சுற்று. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மகள் என் கையைச் சுரண்டினாள். "அம்மா, பேய் எப்போ வரும்?"

பேய் வருவதற்குள் சின்னவன் தூங்கிவிட்டான். கதவைத் தட்டும் வளையம் மார்லியின் முகமாக மாறும் இடத்தில் என் கணவரும் தூங்கிவிட்டார். மறுநாள் யாரும் மீதியைக் கேட்கவில்லை.

ஏறக்குறைய 28,000 சொற்கள் கொண்ட கதை அது. நிறுத்தாமல் சத்தமாகப் படித்தாலே மூன்று மணி நேரம். இந்த ஏமாற்றத்தோடு டிக்கன்ஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது. ஆறு வாரத்தில் எழுதி 1843 டிசம்பர் 19 அன்று வெளியிட்ட புத்தகம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்குள் 6,000 பிரதிகள் தீர்ந்துவிட்டன. பத்து வருஷம் கழித்து, 1853இல் பர்மிங்ஹாமில் கூட்டத்தின் முன் நின்று அதை வாசித்தார். மூன்று மணி நேரம் ஆனது. அப்புறம் அவரே பென்சிலை எடுத்துவிட்டார்! சொந்தப் பிரதியில் வரிவரியாக அடித்து, பக்கங்களைச் சேர்த்து ஒட்டி, குரலை எங்கே மாற்ற வேண்டும் என்று ஓரத்தில் குறித்து, வருஷா வருஷம் கதையைச் சின்னதாக்கிக்கொண்டே போனார். 1870இல் கடைசியாக மேடையேறியபோதும் இந்தக் கதையைத்தான் வாசித்தார். அவர் கையால் வெட்டிய அந்தப் பிரதி இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. எழுதினவரே வெட்டியிருக்கிறார், நான் வெட்டினால் என்ன?

அடுத்த நவம்பரில் ஒரு வாரம் உட்கார்ந்து வெட்டினேன். எந்தப் பழைய புத்தகத்துக்கும் உதவும் என்பதால் வெட்டின முறையைச் சொல்கிறேன். யாராவது பேசினால் அந்த வரியைத் தொடவே மாட்டேன். பேய் இருக்கும் பக்கத்திலும் கை வைப்பதில்லை. வானிலை, தெரு, கடையில் அடுக்கி வைத்த பழங்கள், இதற்கெல்லாம் பத்திக்கு ஒரு வாக்கியம் போதும். ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு நம்மோடு அரட்டை அடிக்கும் இடங்களில் நல்லது இரண்டை விட்டு மீதியை அடித்துவிடலாம். (கதவு ஆணி தப்பித்தது. அது இல்லாமல் எனக்கு முடியாது.) பென்சிலால் மட்டும் அடியுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். கதை ஐந்து பகுதிகளாகத்தான் இருக்கிறது, பாட்டின் கண்ணிகளுக்கான சொல்லைப் போட்டு 'ஸ்டேவ்' என்கிறார் டிக்கன்ஸ். ஐந்து ராத்திரி, ராத்திரிக்கு இருபது நிமிஷம். டிசம்பர் 20இல் ஆரம்பித்தால் 24 அன்று ஸ்க்ரூஜ் திருந்திவிடுவார்.

ஒரு இடத்தை நான் நேர்மையில்லாமல் வெட்டியிருந்தேன். ஸ்க்ரூஜைத் திருத்த வரும் ஆவிகளில் இரண்டாவதன் அங்கிக்குள் இருந்து இரண்டு குழந்தைகள் வெளியே வருவார்கள், எலும்பும் தோலுமாக. பையன் அறியாமை, பெண் வறுமை. சின்னப் பிள்ளைகள் பயப்படும் என்று முழுப் பக்கத்தையும் அடித்திருந்தேன். மகளுக்குப் பதினொரு வயதானபோது அவளே புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு வந்து நின்றாள். "ஏம்மா வருஷா வருஷம் இந்தப் பக்கத்தைத் தாண்டித் தாண்டிப் போறே?" பதில் சொல்ல எனக்கு நேரமானது. 1843இல் இங்கிலாந்தில் குழந்தைத் தொழிலாளர் பற்றி அரசாங்க அறிக்கை ஒன்று வந்தது. அதைப் பார்த்துப் பதறிய டிக்கன்ஸ், முதலில் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் போடலாம் என்றுதான் நினைத்தார். பிறகு மனதை மாற்றிக்கொண்டு கதையாக எழுதினார். பன்னிரண்டு வயதில், அப்பா கடனுக்காகச் சிறையில் இருக்க, ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் வேலை பார்த்த மனிதர் அவர். அந்தக் கதை முழுக்கப் பிறந்ததே அந்த இரண்டு குழந்தைகளுக்காக என்றால், நான் வெட்டியது எதை? மகள் ரப்பரை எடுத்து என் கோடுகளை அழித்தாள். இப்போது அந்தப் பக்கத்தைப் படிப்பது அவள்தான். பென்சிலால் மட்டும் அடியுங்கள் என்றது இதற்குத்தான்.

மொழி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெட்டியில் இருப்பவை ஆங்கிலப் பிரதிகள். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தவரை நான் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். கேட்பதற்குச் சுலபமாகத் தெரியும், நாக்கு தள்ளிவிடும். ஆங்கில வாக்கியத்தில் வினை முன்னாலேயே வந்து நிற்கும், நமக்கோ கடைசியில்தான் வர வேண்டும். பாதி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, 'என்ன செய்தான்?' என்று மேலே தேடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் கேட்கிறவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். நான் கண்ட வழி, நீள வாக்கியத்தை இரண்டு மூன்றாக உடைத்துவிடுவது. அதோடு, ராத்திரி சொல்லப்போகிற பக்கங்களை மத்தியானமே ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்துவிடுவேன். ஒரு வருஷம் சொன்ன வார்த்தையை மறு வருஷம் மாற்றினால் பிள்ளைகள் விடமாட்டார்கள். ஸ்க்ரூஜின் வாயில் வரும் அந்த 'ஹம்பக்' என்ற சொல்லுக்கு முதல் வருஷம் அவசரத்தில் "சுத்தப் பேத்தல்!" என்றேன். இன்றுவரை அது பேத்தல்தான். வீட்டில் யார் எதற்கு முகம் சுளித்தாலும் அந்தப் பேத்தல் வந்துவிடும்.

ஆனால் டாக்டர் ஸூஸ் 1957இல் எழுதிய 'கிரிஞ்ச்' புத்தகத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டேன். பரிசுகளைத் திருடிக்கொண்டு போனால் கிறிஸ்துமஸே வராது என்று கணக்குப் போடும் பச்சை... இல்லை, புத்தகத்தில் அவன் பச்சையே இல்லை, கறுப்பு வெள்ளையும் கொஞ்சம் சிவப்பும்தான். பச்சை நிறம் பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் பூசினது. இதயம் இரண்டு அளவு சின்னதாகப் பிறந்தவன் அவன். அந்தக் கதையின் உயிர் அதன் சந்தத்தில் இருக்கிறது. நான் தமிழில் சொன்னபோது ஒரு திருட்டுச் செய்தியைப் பேப்பரில் படிப்பது போல இருந்தது. இரண்டாம் தடவை ஆங்கிலத்திலேயே, தாளம் தட்டிக்கொண்டு படித்தேன். இரண்டு வயதுக்காரனுக்குப் பாதி வார்த்தை புரியவில்லை, ஆனால் ஒவ்வொரு இயைபுக்கும் முன்னால் வாயைத் திறந்து காத்திருந்தான். எதுகையில் நடக்கும் புத்தகத்தை எந்த மொழியில் எழுதினார்களோ அந்த மொழியில் படித்துவிடுவதுதான் நல்லது. அர்த்தம் மெதுவாக வந்து சேரும்.

வார்த்தையே இல்லாத ஒரு புத்தகமும் உண்டு. ரேமண்ட் பிரிக்ஸின் 'த ஸ்னோமேன்', 1978. கலர் பென்சிலால் வரைந்த சின்னச் சின்னக் கட்டங்கள். பையன் செய்த பனிமனிதன் ராத்திரி உயிர் பெற்று வீட்டுக்குள் வருகிறான், பையனைக் கூட்டிக்கொண்டு பறக்கிறான், விடிந்தால் கரைந்து கிடக்கிறான். அவ்வளவுதான். உண்மையில் புத்தகத்துக்குள் கிறிஸ்துமஸ் என்ற பேச்சே கிடையாது. கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்கப் போவதெல்லாம் 1982இல் எடுத்த படத்தில் சேர்த்தது. இருந்தாலும் எங்கள் பெட்டியில் அதிகம் கிழிந்தது இதுதான், ஏனென்றால் இதைப் படிக்கத் தெரியாதவர் யாருமே இல்லை. சின்னவன் மூன்று வயதில் எங்களுக்குச் 'சொல்லிக்காட்டிய' முதல் கதை. அத்தைக்கு (என் மாமியார்தான்) கண் மங்கிய பிறகு, அவர் மடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக அவனே விளக்குவான். ஆறு வயதுக்காரனின் விளக்கத்தில் பனிமனிதன் பல் விளக்காமல் தூங்கப் போனதற்குத் திட்டு வாங்குவான். ஒன்பது வயதில் அதே பக்கத்துக்கு வேறு வசனம். வீட்டில் பல வயதுக்காரர்கள் இருந்தால், வார்த்தை இல்லாத புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, சின்னவரைச் சொல்லச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். நடுவில் திருத்தாமல் இருப்பதுதான் கஷ்டம்.

பெட்டியில் இருந்து வெளியேறிய ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆண்டர்சனின் தீக்குச்சி விற்கும் சிறுமி. கிறிஸ்துமஸ் தொகுப்புகள் பலவற்றில் இருக்கிறது, நாலே பக்கம், கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி நேரமாகிவிட்டதே, சின்னக் கதையாக இருக்கட்டும் என்று எடுத்தேன். குளிரில் ஒவ்வொரு குச்சியாகக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் அடுப்பும் விருந்தும் பாட்டியும் தெரிய, காலையில் அந்தச் சிறுமி உறைந்து கிடக்கிறாள். ஏழு வயது மகள் சத்தமே வராமல் அழுதாள். பிறகு எழுந்து போய்த் தன் போர்வையை எடுத்து வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கும்போது மணி இரண்டு. கதை மேல் குற்றம் இல்லை, முன்கூட்டிப் படித்துப் பார்க்காத என் மேல்தான் குற்றம். இதில் வேடிக்கை, 1845இல் வந்த அந்தக் கதை நடப்பது கிறிஸ்துமஸில் இல்லை, வருஷத்தின் கடைசி ராத்திரியில். இப்போது அது சாதாரண அலமாரியில் இருக்கிறது. யாராவது சாகும் கதையை மதிய வேளையில், பேசுவதற்கு நேரம் இருக்கும்போது படிப்பது என்று முடிவு செய்துகொண்டோம். டிக்கன்ஸ் கதையில் வரும் நோயாளிப் பையன் டைனி டிம் சாகிற பக்கத்துக்கும் இது பொருந்தும். ஆனால் அவன் மறுநாள் பிழைத்துவிடுவான், அதனால் அவனுக்கு ராத்திரி அனுமதி.

பெட்டியில் சேராத, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் படிக்கும் கதை பைபிளில் இருப்பது. அதை அத்தை புத்தகம் பார்க்காமலே சொல்வார். 'முன்னணையிலே கிடத்தினாள்' என்று அவர் சொல்லும்போது, முன்னணை என்றால் மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி என்று நான் குறுக்கே விளக்கம் கொடுத்தால் பிடிக்காது. "அது முன்னணை. நீ சும்மா இரு" என்பார். அவர் சொன்னது சரிதான், அந்தச் சொல்லை அப்படியே கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதன் ஓசையே கிறிஸ்துமஸ்.

அவர் போன பிறகு, லூக்கா இரண்டாம் அதிகாரம் முதல் இருபது வசனங்களையும் மத்தேயு இரண்டாம் அதிகாரம் முதல் பன்னிரண்டு வசனங்களையும் பிள்ளைகள் மாறி மாறி வாசிக்கிறார்கள். பதின்ம வயதில் அவர்களுக்கு இதில் அலுப்புத் தட்டியது. அப்போது ஒரு விளையாட்டு கண்டுபிடித்தோம்: நமக்குத் தெரிந்த கதையில் இருந்து, வசனத்தில் இல்லாதது என்ன? கழுதை இல்லை. இடமில்லை என்று கதவைச் சாத்தும் சத்திரக்காரர் இல்லை. கிழக்கில் இருந்து வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவே இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று மூன்று காணிக்கைகள், அதை வைத்து நாம் மூன்று ஆளாக்கிவிட்டோம். அவர்கள் போனது தொழுவத்துக்கும் இல்லை, 'வீட்டுக்குள்' என்று இருக்கிறது. மேய்ப்பர்கள் லூக்காவில் மட்டும், நட்சத்திரம் மத்தேயுவில் மட்டும். அலுத்துக்கொண்டிருந்த பையன் வசனத்தை மூன்று தடவை படித்தான், கழுதையைத் தேடி!

ஓ. ஹென்றியின் 'த கிஃப்ட் ஆஃப் த மேஜாய்' (சாஸ்திரிகளின் பரிசு) உள்ள தொகுப்பு சின்னவனின் சொத்து. 1905 டிசம்பரில் நியூயார்க்கின் ஞாயிறு செய்தித்தாள் ஒன்றில் வந்த கதை. கணவனுக்குக் கடிகாரச் சங்கிலி வாங்கத் தன் கூந்தலை விற்கிறாள் மனைவி. அவன் அந்தக் கூந்தலுக்குச் சீப்பு வாங்கக் கடிகாரத்தையே விற்றுவிட்டு வருகிறான். இருபது நிமிஷத்தில் முடியும், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் படிக்கத் தோதான நீளம். முதல் வரியில் அவள் கையில் ஒரு டாலர் 87 சென்ட் இருக்கிறது, அதில் 60 சென்ட் ஒற்றைச் சென்ட் காசுகளாக. பத்து வயதில் பையன் என்னை நிறுத்தினான். மீதி 127 சென்ட்தானே, ஒற்றைக் காசு இல்லாமல் அந்த ஏழு எப்படி வரும்? ஐந்து சென்ட் காசு இருக்கிறது, பத்து இருக்கிறது, மேலே ஒரு இரண்டு இடிக்கிறதே? பட்டன்களைத் தரையில் அடுக்கிவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் போனது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் இரண்டு சென்ட், மூன்று சென்ட் நாணயங்கள் இருந்தன, அவை நடுவில் கிடந்தால் கணக்கு சரியாகிவிடும் என்று பிறகு தேடிப் பிடித்தோம். கூந்தலுக்கு 20 டாலர் வந்தது, சங்கிலி 21 டாலர், மிச்சம் 87 சென்ட். அது சரியாகத்தான் இருக்கிறது. அன்றைக்குக் கதையே முடியவில்லை. கதையைப் படித்து முடித்தே ஆக வேண்டும் என்று அன்று நான் பிடிவாதம் பிடித்திருந்தால், பையனுக்கு அது அம்மா படித்த இன்னொரு கதையாகப் போயிருக்கும்.

டோல்கீனின் 'கிறிஸ்துமஸ் தாத்தாவின் கடிதங்கள்' புத்தகத்தை நான் படிப்பதில்லை, கொடுத்துவிடுகிறேன். கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவது போல அவர் தன் பிள்ளைகளுக்கு எழுதியவை. 1920இல் மூன்று வயது மூத்த மகனுக்கு முதல் கடிதம், 1943இல் மகளுக்குக் கடைசி. நடுநடுங்கும் கிழவரின் கையெழுத்து, சொந்தமாக வரைந்த வட துருவத் தபால்தலை. உதவிக்கு ஒரு துருவக் கரடி. அது 1925இல் தொப்பியை எடுக்கத் துருவக் கம்பத்தின் மேல் ஏறி, கம்பத்தையே ஒடித்துக் கூரையில் போட்டுவிட்டது. கடிதங்களுக்கு நடுவில் தடித்த எழுத்தில் கரடியின் குறும்புக் குறிப்புகள் வேறு. அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து, 1976இல்தான் இவை புத்தகமாயின. இதைப் பார்த்துவிட்டு நானும் சும்மா இருக்காமல், கரடியின் பெயரில் இடது கையால் ஒரு கடிதம் எழுதி மகளின் தலையணைக்கு அடியில் வைத்தேன். காலையில் கடிதத்தைப் படித்தாள், முகர்ந்து பார்த்தாள். "கரடிக்கும் உன்னை மாதிரியே 'ற' எழுத வராதாம்மா?" மாட்டிக்கொண்டேன். ஆனால் அவள் பதில் எழுதி அதே இடத்தில் வைத்தாள், கரடிக்கு. எட்டு வருஷம் ஓடியது அந்தக் கடிதப் போக்குவரத்து. கரடி நான்தான் என்று தெரிந்துகொண்டே, நேரில் என்னிடம் சொல்ல முடியாத இரண்டு மூன்று விஷயங்களை அதில் எழுதியிருக்கிறாள்.

கிறிஸ்துமஸ் தாத்தா இருக்கிறாரா இல்லையா என்று பிள்ளைகள் கேட்கும் வயதுக்கு ஒரு புத்தகம் வேண்டும். எங்களுக்கு அது கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க்கின் 'த போலார் எக்ஸ்பிரஸ்', 1985. ராத்திரி ரயிலில் வட துருவம் போன பையன், சறுக்குவண்டியின் மணி ஒன்றைப் பரிசாகக் கேட்கிறான். அங்கியின் பை ஓட்டை, மணி தொலைந்துவிடுகிறது. காலையில் மரத்தடியில் இருக்கிறது. பையன் ஆட்டிக் காட்டுகிறான், அப்பா அம்மாவுக்குச் சத்தம் கேட்பதில்லை. உடைந்த மணி என்கிறார் அப்பா. இதைப் படித்த ராத்திரி எட்டு வயது சின்னவன் நேராக என்னைப் பார்த்துக் கேட்டான், "உனக்கு மணி கேக்குமா, கேக்காதா?" ஆமாம் என்றால் பொய், இல்லை என்றால் அவனுக்கு இன்னும் நேரம் வரவில்லை. "புத்தகத்தை ஆட்டிப் பார்ப்போம்" என்றேன். சிரித்துவிட்டான். சில வருஷம் தப்பித்தேன். ஒரு எச்சரிக்கை: தாத்தாவைப் பற்றின ரகசியத்தைப் போகிற போக்கில் போட்டு உடைக்கிற புத்தகங்கள் நிறைய, அதுவும் ஒன்பது பத்து வயதுக்காரர்களுக்கான நாவல்களில். பெரியவளுக்காக வாங்கினது ஒன்றை அவள் தம்பிக்குப் பாதி படித்துக் காட்டி, கடைசி நொடியில் என் கணவர் இருமிச் சமாளித்தார்.

டால்ஸ்டாயின் 'அன்பு இருக்கும் இடத்தில் கடவுள்' கதையை என் அப்பா மட்டும்தான் படிப்பார். செருப்புத் தைக்கும் மார்ட்டின், தரைக்குக் கீழே உள்ள அறையில் இருக்கிறான்; ஜன்னல் வழியாகப் போகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும், ஆளை அவன் பூட்ஸைப் பார்த்தே அடையாளம் சொல்வான். நாளைக்கு வருகிறேன் என்று ஆண்டவரின் குரல் கேட்கிறது. நாள் முழுக்கக் காத்திருக்கிறான். வருவது பனி அள்ளும் கிழவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், ஆப்பிள் திருடின பையன், அவனைப் பிடித்து இழுக்கும் கிழவி. 1885இல் எழுதினது. மூலக் கதை பிரெஞ்சுப் போதகர் ஒருவருடையது. பாப்பா பனோவ் என்ற பெயரில் கிறிஸ்துமஸுக்கு ஏற்றாற்போல் மாற்றிய குழந்தைப் பதிப்பும் இருக்கிறது. அப்பாவுக்கு அந்தப் பதிப்பு ஆகாது. பெரிய பதிப்பை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைக் கனைத்து, ஒவ்வொரு பூட்ஸையும் நிதானமாக வர்ணிப்பார். பூட்ஸ் வர்ணனையை வெட்டலாம் என்று என் பென்சில் ஒரு தடவை துடித்தது. விட்டுவிட்டேன், நல்லவேளை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் படிப்பதை என் கணவர் போனில் பதிவு செய்தார். அப்பாவுக்குத் தெரியாது. நடுவில் தும்மல் இருக்கிறது, குக்கர் சத்தம் இருக்கிறது, "எங்க விட்டேன்?" இருக்கிறது. இப்போது அப்பா இல்லை. போன டிசம்பரில் அதைப் போட்டுக் கேட்டோம். யாருக்காவது உபயோகப்படும் என்று இதை எழுதுகிறேன்: வீட்டுப் பெரியவர்கள் படிப்பதை இந்த வருஷமே பதிவு செய்துவிடுங்கள், இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். மேடை போட்டு உட்கார வைத்து எடுக்காதீர்கள், அவர்கள் குரல் மாறிவிடும்.

மற்றபடி சின்ன விஷயங்கள். கிழிந்த பக்கத்துக்குச் சாதாரண செல்லோ டேப் வேண்டாம், சில வருஷத்தில் பழுத்து எழுத்தையும் சேர்த்துப் பிடுங்கும்; புத்தகம் ஒட்டுவதற்கென்றே அமிலம் இல்லாத டேப் கிடைக்கிறது. பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள் வருஷமும் படித்தவர் பெயரும் ஒரு வரி குறிப்பும் எழுதுவோம். '2016, படிக்கவில்லை, எல்லாருக்கும் காய்ச்சல்' என்று ஒன்று இருக்கிறது. படிக்காத வருஷத்தையும் எழுதுங்கள். பதினைந்து வயதில் பிள்ளைகள் வர மறுத்தால் இழுத்து உட்கார வைக்காதீர்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள். சின்னவன் போன வருஷம் பக்கத்து அறையில் இருந்து, நான் தப்பாகச் சொன்ன ஒரு வரிக்கு, "பேத்தல்!" என்று கத்தினான்.

மகள் இப்போது படிப்புக்காக வெளியூரில் இருக்கிறாள். போகும்போது டிக்கன்ஸ் தனக்கு வேண்டும் என்றாள். கொடுக்க மாட்டேன் என்றேன். மூன்று நாள் பேச்சு இல்லை. அப்புறம் அவளே ஒரு புதுப் பிரதி வாங்கிவந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, என் பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாகப் புதுப் பிரதிக்கு மாற்றினாள். முழுசாக இரண்டு நாள். பேருந்து ஏறும் முன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். ஸ்க்ரூஜின் பழைய முதலாளி ஃபெஸ்ஸிவிக் வைக்கும் நடனம், நான் ஒரு வரி விடாமல் வைத்திருந்த இடம், முழுப் பக்கமும் அடிக்கப்பட்டிருந்தது.

"இது ஏன்டி?"

"இழுவைம்மா. அந்த இடத்துல எப்பவுமே நான் தூங்கிருவேன். உனக்குத் தெரியாது."